படகுக்கு எந்த வானிலை ரிசீவர்? வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

வானிலை ரிசீவர் வாங்க வருவோர் பெரும்பாலும் விலையையும் திரையின் அளவையுமே முதலில் பார்க்கிறார்கள். கரையை விட்டு எத்தனை கடல் மைல் போகிறோம் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை எட்டாமற்போனதற்கு, அவை கைபேசி, விஎச்எஃப் (படகுகளில் பேசப் பயன்படும் குறுந்தூர வானொலி) இரண்டின் எல்லைக்கும் அப்பால் இருந்தது ஒரு முக்கியக் காரணம்.

முதற்படியாக, வழக்கமாக வலை போடும் இடத்தின் தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வதால், அது எட்டும் தூரம் இருபுறத்து ஆண்டெனாக்களின் உயரத்தைப் பொறுத்தது. கரையோரத் தொழிலுக்கு அது போதும். கடலில் செல்வோருக்காகக் கரை நிலையங்கள் 518 கிலோஹெர்ட்ஸ் வானொலி அலையில் அனுப்பும் நாவ்டெக்ஸ் என்னும் எழுத்துச் செய்தி 200 முதல் 400 கடல் மைல் வரை எட்டும். நம் கரையில் முட்டத்திலும் பரங்கிப்பேட்டையிலும் அதற்கான நிலையங்கள் உள்ளன. அதற்கும் அப்பால் செல்வோருக்குச் செயற்கைக்கோள் வழிதான். 2019இல் அறிமுகமான ஜெமினி கருவி இவ்வகையைச் சேர்ந்தது. செயற்கைக்கோளிலிருந்து வரும் செய்தியை அது புளூடூத் மூலம் கைபேசிக்குக் கொடுக்கும். ஆனால் நம்மிடமிருந்து எதையும் திருப்பி அனுப்பாது.

இங்கே ஓர் எச்சரிக்கை: வெளிநாட்டிலிருந்து வரும் சில விஎச்எஃப் கருவிகளில் வானிலைக்கென்றே ஒரு பொத்தான் இருக்கும். அது அமெரிக்கா, கனடா நாடுகளின் 162 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்புக்கானது. நம் கடலில் அதை அழுத்தினால் இரைச்சல்தான் கேட்கும். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் படியே முக்கியமானது. நாவ்டெக்ஸ் ரிசீவரைக் கடையில் அரைமணி நேரம் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடமே முறை வரும். ஆகவே கருவியைப் படகிலேயே பொருத்தி, ஒரு முழுநாள் ஓடவிடுங்கள். எஞ்சின், சார்ஜர், எல்இடி விளக்குகள் எல்லாம் ஓடட்டும். சரியாகப் பிடிபடாத எழுத்துக்குப் பதிலாக ரிசீவர் உடுக்குறி (*) ஒன்றை இடும். காற்றின் வேகம் ‘2*’ நாட் என்று வந்தால் அது 20ஆகவும் இருக்கலாம், 29ஆகவும் இருக்கலாம். முன்னது மணிக்கு 37 கிலோமீட்டர், பின்னது 54. உடுக்குறிகள் அதிகமாகத் தெரிந்தால், ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கை அணைத்துப் பாருங்கள். பல வேளைகளில் குற்றம் ரிசீவரில் இராது. மலிவான எல்இடி விளக்கிலோ, அதன் அருகே கட்டிய ஆண்டெனாவிலோ இருக்கும். இரண்டு ரிசீவர்களை ஒப்பிடும்போது அதே இடம், அதே ஆண்டெனா, அதே செய்தி என்று வைத்து உடுக்குறிகளை எண்ணுவதுதான் நியாயமான அளவுகோல்.

மூன்றாவதாக, செய்தி வகைகளைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பைத் திறந்து பாருங்கள். வானிலை எச்சரிக்கையான ‘பி’ (B) வகையை அணைக்க முடியாது. அன்றாட முன்னறிவிப்பான ‘இ’ (E) வகையை அணைக்க முடியும் என்பதால், அது திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, படகில் யார் படிப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 518இல் வருவது ஆங்கிலம். ஜெமினி செயலியோ மாநில மொழிகளில் காட்டும், ஆனால் கைபேசியில் சார்ஜ் இருக்க வேண்டும். ஆங்கிலம் வாசிப்பவர் ஒருவராவது இல்லாத படகுக்கு நான் நாவ்டெக்ஸை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். எதை வாங்கினாலும், ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் என்ற கணக்கில் சிறு அட்டவணை ஒன்றை எழுதிக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.