வெள்ளைப் புள்ளி வந்த மீனுக்குத் தனித் தொட்டி: மருந்துக்கு முன் தண்ணீர்

மீனின் உடம்பிலும் துடுப்பிலும் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கல்லில் போய் உடம்பைத் தேய்க்கிறது. இது வெள்ளைப் புள்ளி நோய். முறையாகப் பார்த்தால் குணமாகிவிடும். ஆனால் அவசரத்தில் ஒரு புது டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, மருந்தையும் ஊற்றினால், நோயை முந்திக்கொண்டு, மீனின் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியா அதைக் கொன்றுவிடும். அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

தொட்டி

20 முதல் 40 லிட்டர் கொள்ளும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். கண்ணாடித் தொட்டியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்: மெத்திலீன் ப்ளூ போன்ற மருந்துகள் கண்ணாடித் தொட்டியின் சிலிக்கானில் கறையாக ஏறிவிடும். மணல், கல், செடி எதுவும் வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, ஹீட்டர், தெர்மாமீட்டர், ஏர் பம்ப். முதல் தண்ணீரை மீன் இருந்த பெரிய தொட்டியிலிருந்தே எடுங்கள். எப்படியும் அங்கேயும் அதே கிருமிதான்.

ஃபில்டர்: இங்கேதான் பலரும் சறுக்குவது

புது ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போட்டுவிட்டு, ‘ஃபில்டர் ஓடுகிறதே’ என்று நிம்மதியாக இருப்பார்கள். அம்மோனியாவை மாற்றுவது ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியா. அது புது ஸ்பாஞ்சில் பெருகப் பல வாரங்கள் ஆகும். ஆகவே எல்லாம் நலமாக இருக்கும்போதே, பெரிய தொட்டியின் மூலையில் உபரியாக ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு வையுங்கள். தேவைப்படும் நாளில் அதைத் தூக்கி இங்கே போட்டால் வேலை முடிந்தது.

அப்படி ஒன்று இல்லையா? சரி, தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றியே ஆகவேண்டும். சூடும் பிஎச்சும் கூடக்கூட அம்மோனியாவின் நச்சும் கூடும். நாம் தண்ணீரைச் சூடாக்கப் போகிறோம் என்பதை மறக்காதீர்கள். தினமும் அம்மோனியாவை டெஸ்ட் செய்யுங்கள். காகிதப் பட்டை வேண்டாம், தண்ணீர் மாதிரியில் சொட்டு விட்டுப் பார்க்கும் கிட் வாங்குங்கள். 0.25 பிபிஎம் தெரிந்தாலே தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிவிடும்.

உப்பும் சூடும்

மெத்திலீன் ப்ளூ ஸ்பாஞ்சிலுள்ள பாக்டீரியாவையும் தாக்கும். அதனால் என் முதல் தேர்வு, வேறெதுவும் கலக்காத வெறும் உப்பு. லிட்டருக்கு 2 கிராம். டப்பாவின் அளவை நம்பாமல் தண்ணீரை அளந்துபாருங்கள்: நீளம் × அகலம் × நீர் உயரம், எல்லாம் சென்டிமீட்டரில், பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 30 லிட்டருக்கு 60 கிராம். தனியாகக் கரைத்து, ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள்.

10 லிட்டர் தண்ணீர் மாற்றினால் 20 கிராம் மட்டும் சேர்க்க வேண்டும், மறுபடி 60 அல்ல. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு வெறும் தண்ணீர்தான், உப்பு ஆவியாவதில்லை. புதுத் தண்ணீர் எதுவானாலும் குளோரின் நீக்கி, அதே சூட்டில் ஊற்றுங்கள்.

வெப்பமண்டல மீனென்றால் சூட்டைச் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 28–30 வரை ஏற்றலாம். கோல்ட்ஃபிஷுக்கு அவ்வளவு வேண்டாம். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் ஸ்டோன் நன்றாகக் குமிழி விடட்டும்.

சூடு எதற்கு? மீன்மேல் இருக்கும்போது ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருப்பதால் மருந்து தொடாது. முதிர்ந்ததும் உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, புது மீனைத் தேடி நீந்தும். அந்த நீந்தும் கட்டத்தில்தான் சாகும். சூடு இந்தச் சுற்றை வேகமாக்குகிறது. வெறும் அடித்தளத்தைத் தினமும் சைஃபன் செய்தால் (குழாயால் உறிஞ்சி எடுத்தால்) கூடுகளும் வெளியே போய்விடும். கல் வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதன்பின்னும் ஒரு வாரமாவது தொடருங்கள். இரண்டு மூன்று நாளில் புள்ளிகள் கூடிக்கொண்டே போனால் மாலகைட் பச்சை உள்ள மருந்துக்கு மாறுங்கள். லேபிளில் உள்ள அளவுதான், ஒரு சொட்டும் கூடாது.

பிறகு சேர்த்தது

‘ஒரு மீனுக்குத்தான் புள்ளி, அதை மட்டும் பிரித்தால் போதுமா?’ என்று கேட்கிறார்கள். இந்த நோய்க்குப் போதாது. எல்லா மீனையும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். மீன் கிடைக்காவிட்டால் நீந்தும் கிருமி இரண்டு நாளுக்குள் செத்துவிடும். ஆனால் கூடுகள் பின்தங்கி உடையலாம், ஆகவே பெரிய தொட்டியை 27–28 டிகிரியில் இரண்டு வாரம் மீனில்லாமல் ஓடவிடுங்கள். அங்குள்ள ஃபில்டரின் பாக்டீரியா பட்டினி கிடக்காமலிருக்க அவ்வப்போது ஒரு சிட்டிகை தீனி போடுங்கள்.

கோரிடோராஸ், லோச் போன்ற அடித்தள மீன்கள் வைத்திருப்பவர்கள் உப்பை லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கிப் பாருங்கள். மாலகைட் பச்சையும் அவற்றுக்குப் பாதி அளவில்தான். செம்பு கலந்த மருந்தை இறால், நத்தை உள்ள தொட்டியில் ஊற்றவே கூடாது. வலையும் சைஃபன் குழாயும் தனியாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் முழுக்கக் காயவிடுங்கள், காய்ந்தால் இந்தக் கிருமி பிழைக்காது.