முதல் வேலை தேடும் முன் இணையத்தில் உங்கள் பெயரைச் சீராக்குவது எப்படி?

விண்ணப்பம் அனுப்பியதும் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பல நேரம் செய்கிற முதல் வேலை, உங்கள் பெயரை கூகுளில் போட்டுப் பார்ப்பதுதான். அங்கே அவர் கண்ணில் படுவதை நீங்களே முடிவு செய்யலாம். ஒரு வார இறுதி ஒதுக்கினால் போதும்.

படி 1: முதலில் தேடுங்கள்

பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோவை (உங்கள் கணக்கு லாகின் ஆகாத தனி விண்டோ) திறந்து, உங்கள் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அப்புறம் பெயரோடு கல்லூரியின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். படங்கள் பகுதியையும் பாருங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் லாகின் செய்தபடி தேடினால், மற்றவர்களுக்குத் தெரிவது உங்களுக்குச் சரியாகத் தெரியாது.

பழைய பதிவு ஏதாவது உறுத்துகிறதா? அழித்துவிடுங்கள். ஃபேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. நண்பர்களுக்கான இன்ஸ்டாகிராம் கணக்கைப் பிரைவேட் ஆக்கினால் போதும், மூடத் தேவையில்லை.

படி 2: மின்னஞ்சல்

இதைப் பலர் கவனிப்பதில்லை. கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் லிங்க்ட்இன் (வேலைத் தொடர்புகளுக்கான தளம்), கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துக் காட்டும் தளம்) கணக்குகளைத் தொடங்கியிருப்பார்கள். படிப்பு முடிந்தபின் கல்லூரி அந்த முகவரியை மூடிவிட்டால், பாஸ்வேர்ட் மறந்த அன்று கணக்கே கையை விட்டுப் போகும். இன்றைக்கே உங்கள் சொந்த மின்னஞ்சலையும் அந்தக் கணக்குகளில் சேர்த்து, அதையே முதன்மை முகவரி ஆக்குங்கள். முகவரியில் பட்டப்பெயர் வேண்டாம், உங்கள் பெயர் இருக்கட்டும்.

படி 3: லிங்க்ட்இன் தலைப்பு வரி

புகைப்படத்துக்கு ஜன்னல் வெளிச்சமும் வெறும் சுவரும் போதும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நேரத்தை, பெயருக்குக் கீழே தெரியும் தலைப்பு வரியில் செலவிடுங்கள். 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. ஆனால் தேடல் முடிவுகளில் பெரும்பாலும் தொடக்கம் மட்டுமே தெரியும் என்பதால் முக்கியமானது முன்னால் வரட்டும்.

“கடின உழைப்பாளி, கற்கும் ஆர்வம் மிக்கவர்” என்று எழுதாதீர்கள். யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொல்லி ஒருவரையும் தேடவும் மாட்டார்கள். “இறுதியாண்டு புள்ளியியல் மாணவி | பைதான், எஸ்க்யூஎல் | தரவுப் பகுப்பாய்வில் வேலை தேடுகிறேன்” என்று எழுதினால் தேடுபவர் கண்ணில் படுவீர்கள்.

உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தின் இணைய முகவரியில் பெயருக்குப் பின்னால் எண்களும் எழுத்துகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் மாற்றிவிடுங்கள், ரெஸ்யூமில் போடச் சுத்தமாக இருக்கும்.

படி 4: செய்த வேலையைக் காட்டுங்கள்

மற்ற படிகளில் பாதியை விட்டாலும் இதை விடாதீர்கள். “அனுபவம் இல்லையே, எதைப் போடுவது?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பாடத்துக்காகச் செய்த புராஜெக்டும் அனுபவம்தான். அதை எழுதுகிற விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

“நூலக மேலாண்மை வலைதளம் உருவாக்கினோம்” என்று ஒரு வரி எழுதினால் அதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்:

“நான்கு பேர் சேர்ந்து நூலகத்துக்குப் புத்தகம் தேடும் வலைதளம் செய்தோம். டேட்டாபேஸ் என் பொறுப்பு. முதலில் ஒரு தேடலுக்கு 5 நொடி ஆனது. தலைப்புக்கும் ஆசிரியர் பெயருக்கும் இன்டெக்ஸ் போட்டபின் 1 நொடிக்குள் வந்தது.”

எத்தனை பேர், உங்கள் பங்கு என்ன, எங்கே சிக்கியது, எப்படித் தீர்த்தீர்கள் என்பதெல்லாம் இதில் வந்துவிட்டது. நேர்காணலில் கேள்வியும் இங்கிருந்தே பிறக்கும், பதிலும் உங்களிடம் இருக்கும். எண்கள் மட்டும் நீங்கள் உண்மையில் அளந்தவையாக இருக்க வேண்டும்.

நிரல் எழுதுபவர்கள் கிட்ஹப்பில் தங்கள் யூசர்நேம் பெயரிலேயே ஒரு பொது ரெப்போசிட்டரி (கோப்புகளை வைக்கும் இடம்) தொடங்கி அதில் ரீட்மி என்ற அறிமுகக் கோப்பு வைத்தால், அது அப்படியே அறிமுகப் பக்கமாகத் தெரியும். வடிவமைப்பாளர்களுக்கு, செய்த வடிவமைப்புகளைக் காட்டும் பிஹான்ஸ் தளம் இருக்கிறது. எழுதுபவர்கள் நல்ல கட்டுரைகளாக இரண்டு மூன்றை லிங்க்ட்இன் பக்கத்தின் ஃபீச்சர்ட் பகுதியில் வையுங்கள்.

படி 5: எதைப் போடக் கூடாது

பொதுவில் வைக்கும் ரெஸ்யூமில் வீட்டு முகவரி, பிறந்த தேதி, அடையாள அட்டை எண் எதுவும் வேண்டாம். வேலை தருகிறேன் என்று வந்து பயிற்சிக் கட்டணம், முன்பணம் என்று கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். முதல் வேலைக்கான அவசரத்தில் ஏமாறுவது எளிது.

படி 6: ஆட்களிடம் பேசுங்கள்

லிங்க்ட்இனில் இணைப்பு அழைப்போடு ஒரு குறிப்பும் அனுப்புங்கள். இலவசக் கணக்கில் குறிப்புக்கு மாத வரம்பு உண்டு, அதனால் யாருக்கு என்று யோசித்து அனுப்புங்கள். “வணக்கம், நான் உங்கள் கல்லூரியில் அதே துறையில் இறுதியாண்டு படிக்கிறேன். மென்பொருள் சோதனைப் பிரிவில் எப்படி வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை” என்ற அளவு போதும். எடுத்த எடுப்பில் வேலை கேட்காதீர்கள். பதில் வந்தால், வந்த அன்றே நன்றி சொல்லிவிடுங்கள்.