கனடாவில் கவர் லெட்டர்: நாங்கள் ரெண்டு பேரும் விழுந்த குழி

ஊரில் நாம் எழுதுகிற விண்ணப்பம் உங்களுக்கே தெரியும். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, அப்பா பெயர், பிறந்த தேதி. அதையெல்லாம் ஓசூர் சிப்காட் கேட்டோடு விட்டுவிட்டு வாருங்கள். இங்கே கவர் லெட்டர், அதாவது ரெஸ்யூமோடு சேர்த்து அனுப்புகிற கடிதம், ஒரே பக்கம்தான். போட்டோ, வயது, மதம், கல்யாணம் ஆச்சா என்பதெல்லாம் வேண்டாம், சின் நம்பர் (வேலை செய்ய கனடா அரசு தருகிற அடையாள எண்) வேலை உறுதியான பிறகுதான். பெயர் தெரியாவிட்டால் 'டியர் ஹயரிங் மேனேஜர்' போதும்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. வந்த புதிதில் ஒருவரிடம் 120 டாலர் கொடுத்து லெட்டர் எழுதி வாங்கினேன். 'தரத்தின் மீது தீராத வேட்கை கொண்டவன்' என்று ஆரம்பம், படித்து நானே அசந்துபோனேன். என் அறையில் இருந்த காவேரிப்பட்டணத்துக்காரனும் அதே ஆளிடம் வாங்கியிருக்கிறான், வெட்கப்பட்டுக்கொண்டு அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிராம்ப்டனில் ஒரே கம்பெனிக்கு ஒரே வாரத்தில் ரெண்டு பேரும் போட்டோம். இன்டர்வியூவில் அந்த அம்மா ரெண்டு தாளை மேசைமேல் வைத்து, பெயர் இருந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "இதில் உங்களுடையது எது?" என்றார். எனக்கே தெரியவில்லை.

எரிச்சல் என்னவென்றால், நான் ஓசூரில் ஏழு வருஷம் சிஎன்சி லேத், அதாவது கம்ப்யூட்டரில் ஓடுகிற கடைசல் மெஷின், ஓட்டியவன். அவனோ மாங்கூழ் ஃபேக்டரிக்காரன். சீசனில் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும்போது ராத்திரி ரெண்டு மணிக்கும் கூழை எடுத்து பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்ப்பான், 14-க்குக் கீழே போனால் லாட்டையே நிறுத்திவிடுவான். அதை அப்படியே எழுதியிருந்தால் எந்த ஜூஸ் கம்பெனியும் கூப்பிட்டுப் பேசியிருக்கும். இன்றைக்கும் இங்கே கடையில் மாங்கூழ் டின்னைப் பார்த்தால் திருப்பி எங்கே தயாரித்தது என்று படிக்காமல் நகரமாட்டான், கூட நிற்கிற நமக்குத்தான் கால் வலிக்கும்.

சரி, எழுதுவது எப்படி? விளம்பரத்தில் அவர்கள் கேட்கிற விஷயங்களில் ரெண்டை எடுத்துக்கொண்டு, அதை நீங்கள் எங்கே, எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். 'மாதம் 3 லட்சம் பீஸ்' என்றால் இங்கே புரியாது, கமாவை அவர்கள் போடுகிற மாதிரி 300,000 என்று போடுங்கள். சிப்காட் என்றாலும் யாருக்கும் தெரியாது, பெங்களூருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டை என்று சேருங்கள். அப்புறம், '2015-ல் பாஸ்ட் அவுட்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள், மயங்கி விழுந்தீர்களா என்று நினைப்பார்கள்.

அடுத்த லெட்டரை நானே உட்கார்ந்து எழுதினேன். டூலை முன்கூட்டியே மாற்றி, நூற்றுக்கு நாலு ரிஜெக்ட் ஆனதை ஒன்றுக்குக் கொண்டுவந்தேன் என்று ஒரு பத்தி. இங்கிலீஷில் ரெண்டு தப்பு இருந்தது. சூப்பர்வைசர் அந்த டூலைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டார்.