நீலகிரியின் சரிவு நிலத்துக்கு அரசு மானியமும் பயிர்க்கடனும் பெறும் முறை

நீலகிரியில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் சரிவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடும் விவசாயி, எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன் தம் பட்டாவை எடுத்துப் பார்க்க வேண்டும். பங்காளிகள் பலர் பெயரும் ஒன்றாக இருக்கும் தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவே இன்னமும் பல குடும்பங்களில் நடப்பில் இருக்கிறது. அப்படியானால் மானியமும் கடனும் முதல் மேசையிலேயே நின்றுவிடக்கூடும். ஆகவே உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெற இ-சேவை மையத்தில் மனுச் செய்யுங்கள். நில அளவையர் வந்து அளக்க வேண்டியிருப்பதால், விதைப்புக்குப் பல மாதங்களுக்கு முன்பே இதைத் தொடங்குவது நல்லது. கூடவே சிட்டா (நில உரிமை, பரப்பு விவரம்), அடங்கல் (பயிர் விவரம்), புலப்படம் (நில அளவை வரைபடம்), வட்டாட்சியர் அலுவலகத்தில் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடனுக்கு முன் மண்ணைக் கவனியுங்கள் என்றே சொல்வேன். கனமழை பெய்யும்போது கீழ் வரப்போரம் வழியும் நீரைக் கையில் அள்ளிப் பாருங்கள். அது செம்மண் குழம்பாக இருந்தால், கடன் வாங்கிப் போட்ட உரமும் அதனோடுதான் போகிறது. படிக்கட்டாக வெட்டும் ஒவ்வோர் அடுக்கும் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தால், நீர் உள்ளோர வாய்க்காலில் இறங்கி, புல் வளர்த்த ஓடை வழியே மெதுவாக வெளியேறும். வெளிப்பக்கம் சாய்ந்தால் விளிம்பு உடையும். இத்தகைய வேலைகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையை அணுக வேண்டும். உதகையில் 1954 முதல் இயங்கிவரும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இந்தச் சரிவுகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவருவதால் அங்கும் யோசனை கேட்கலாம். வேலையைத் தொடங்கலாம் எனத் துறை தரும் பணி ஆணை கைக்கு வருமுன் ஒரு கூடை மண்கூட வெட்டாதீர்கள். முன்கூட்டியே முடித்த வேலைக்கு மானியம் கேட்பது கடினம். மண் அள்ளும் இயந்திரத்தை இறக்க, இம்மாவட்டத்தில் ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

சொட்டுநீர், தெளிப்புநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்துக்குத் தோட்டக்கலைத் துறை வழியே சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு.

பயிர்க்கடனுக்கு முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குச் செல்லுங்கள். கெடு நாளுக்குள் செலுத்துவோருக்கு அங்கே வட்டி இல்லை. விவசாயிகளுக்கு வங்கி தரும் பயிர்க்கடன் அட்டையான கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை வட்டி 7 சதவீதம், தவறாமல் கட்டினால் 4 சதவீதம். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணையம் தேவையில்லை என்பதால், அதற்குள்ளான கடனுக்கு நிலத்தை அடமானம் கேட்டால் காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பண்ணைப் பராமரிப்புக்கென அட்டையின் கடன் வரம்பில் சேர்க்கப்படும் தொகையை, அடுக்கு வாய்க்காலைத் தூர்வாருவதற்கு வைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையம் மண்டியில் விலை இறங்கிக் கையில் பணம் குறையும் என்று தெரிந்ததும், கெடு நாள் வரும்வரை காத்திராமல் சங்கச் செயலாளரையோ வங்கி மேலாளரையோ நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். நாள் கடந்துவிட்டால் வட்டிச் சலுகை கைநழுவிப் போகும்.