வீட்டுக்குள் அடி விழுந்தால் எங்கே போவது? கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடையிலிருந்து

காரைக்குடி பக்கம், கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்து இருபத்திரண்டு வருஷமாகிறது. வாடகை ஒப்பந்தம், வாரிசுச் சான்று மனு என்று வருகிறவர்கள் வந்ததுமே விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். அடிபட்டு வருகிறவள் மட்டும் முதலில் ரேஷன் கார்டு நகல் ஒன்று கேட்பாள். எடுத்துக் கொடுத்த பிறகும் போகமாட்டாள். ஸ்டூலை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டு, "உட்காரும்மா, டீ சொல்லவா?" என்பேன். அதற்கப்புறம்தான் வாய் திறக்கும்.

அப்படி வந்தவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். முதலில் என் பிழைப்புக்கே வேட்டு வைக்கிற விஷயம்: புகாரை டைப் அடிக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் கையால் எழுதினால் போதும். எழுத வரவில்லையா, வாயால் சொல்லுங்கள். ஸ்டேஷனில் அதை எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டித்தான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும்.

இந்த நிமிஷமே உயிருக்கு ஆபத்து என்றால் 112. மற்றபடி பெண்களுக்கான உதவி நம்பர் 181. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. போலீஸ் வேண்டாம், யாரிடமாவது சொன்னால் போதும் என்பவர்களும் பேசலாம். பேசி முடித்ததும் போனில் அந்த நம்பரை அழித்துவிடுங்கள். பல பேர் என் போனிலிருந்தே பேசிவிட்டுப் போவார்கள். வீட்டில் போனை நோண்டுகிற ஆள் இருந்தால் தையல் கடை, பூக்கடை, யார் போனானாலும் சரி.

"கை நீட்டினதில்லக்கா, பேச்சுத்தான் தாங்க முடியல" என்று சொல்லி எழுந்துபோனவர்கள் உண்டு. 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடி மட்டும் வரவில்லை. கேவலமாகப் பேசுவது, மிரட்டுவது, படுக்கையில் கட்டாயப்படுத்துவது, செலவுக்குப் பணம் தராமல் காயப்போடுவது, நகையைக் கேட்காமல் அடகு வைப்பது எல்லாம் வரும். கட்டின பெண்டாட்டிக்கு மட்டுமான சட்டமும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிற அம்மா, அக்கா தங்கச்சி, புருஷனை இழந்த மருமகள் எல்லோரும் கேட்கலாம்.

இந்தச் சட்டத்தில் உதவி செய்ய மாவட்டத்துக்கு மாவட்டம் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அவர் நடந்ததைக் கேட்டு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். நம் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. செட்டிநாடு என்று ஒரே பேராகச் சொன்னாலும் ஊர்கள் இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை. ராயவரம், பொன்னமராவதி என்றால் புதுக்கோட்டை. பஸ் காசைப் போட்டுத் தப்பான ஊருக்குப் போய் நிற்காதீர்கள். அதே மாதிரி, சென்னையில் வாழ்க்கைப்பட்டவள் அடிதாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால், வழக்குக்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். இப்போது தங்கியிருக்கிற ஊரின் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். புருஷன் சிங்கப்பூரில் இருந்தாலும் இங்கே போடலாம். முதல் வாய்தா மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நான் பார்த்த வரைக்கும் அதைவிட இழுக்கும். அதனால் மனுவிலேயே இடைக்கால உத்தரவும் கேட்டுவிடுங்கள்.

"வீடு என் பேர்ல இருக்கு, வெளிய போ" என்று மாமியார் சொன்னால் நடுங்க வேண்டாம். நீங்கள் குடித்தனம் நடத்துகிற வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பத்திரம் யார் பேரில் என்று பார்ப்பதில்லை. கோர்ட் உத்தரவு இல்லாமல் இறக்கிவிட முடியாது. மாமனார் மாமியார் பேரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

இனி சாமான். நம் பக்கம் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானை எல்லோரும் பார்க்கப் பரப்பி வைக்கிற கதை ஊருலகத்துக்குத் தெரியும். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பீங்கான் ஜாடி வரைக்கும் நோட்டுப் போட்டு எழுதியிருப்பார்கள். பெருமைக்கு எழுதின அந்த நோட்டுத்தான் பிறகு சாட்சி. சீதனத்தைத் திருப்பிக் கொடு என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், ஆனால் என்னென்ன சாமான் என்று காட்ட வேண்டுமே. நோட்டை முழுக்க நகல் எடுங்கள். நகைக்கடை பில், அடகு ரசீது, சாமான் பரப்பின அன்றைக்கு எடுத்த போட்டோ எல்லாம் சேருங்கள். வளவு வீட்டில், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில், உங்களுக்கென்று அறை இருந்தால், அவசரமில்லாத நாளில் உள்ளே இருப்பதைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சாவியைக் கோபத்தில் விட்டெறிந்துவிட்டு வராதீர்கள். ஒரு பெண் அப்படித்தான் வந்தாள். மூன்று மாதம் கழித்து அறையில் பாய் ஒன்றுதான் மிச்சம்.

அடிபட்டால் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே "மாடிப்படியில் விழுந்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யார் எதனால் அடித்தார்கள் என்று நீங்கள் சொல்வதைத்தான் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதுவார்கள். அந்த எழுத்தைப் பின்னால் மாற்ற முடியாது. என் அக்கா மகள் மாடிப்படி என்று சொல்லித் தொலைத்தாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சி வக்கீல் எத்தனை வாய்தா பேசினார் தெரியுமா.

அவள் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. ஒரு ஸ்டேஷனில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "குடும்பம்னா அப்படி இப்படித்தான்மா, கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். இருபது நாள் கழித்துப் போனால் மனுவே வரவில்லை என்கிறார்கள். அன்றிலிருந்து நான் யாரையும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, இல்லாமல் ஸ்டேஷன் படியிறங்க விடுவதில்லை. "ரசீது குடுங்க சார்" என்று கேட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். மகளிர் காவல் நிலையமானாலும் இதேதான். "இது எங்க லிமிட் இல்ல" என்று திருப்பினாலும் கேட்க வேண்டாம், எந்த ஸ்டேஷனிலும் முதலில் பதிய வேண்டும். மறுத்தால் அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

வக்கீலுக்குக் காசில்லை என்பது காரணமே இல்லை. பெண் என்றாலே, வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும், அல்லது சட்ட உதவி நம்பர் 15100. ராத்தங்க இடமில்லை என்றால் 181-லேயே ஒருங்கிணைந்த சேவை மையம் என்று கேளுங்கள். சில நாள் தங்க இடம், ஆலோசனை, வைத்தியம், வக்கீல் எல்லாம் அங்கே சேர்ந்தே கிடைக்கும்.

போன ஆடியில் ஒரு ஆச்சி வந்தார். எண்பது வயசிருக்கும். பூர்வீக வீட்டுப் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லி மகன் சோறு போடாமல் வைத்திருக்கிறான். தேக்குத் தூணுக்கு விலை பேசி ஆள் வந்துவிட்டதாம். ஆச்சிக்குப் போலீஸ் என்றால் மானம் போய்விடும் என்று பயம். முதியோருக்கு 14567 என்று தனி நம்பர் உண்டு. 2007-ஆம் வருஷச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் ஜீவனாம்சம் கேட்டு மனுக் கொடுக்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துக்குத் தேவகோட்டைதான் கோட்டம். கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து ஏமாந்திருந்தால் அதையும் ரத்து செய்யக் கேட்கலாம். ஆச்சிக்கு நான் சொன்னது: "இப்போதைக்கு எதிலயும் கையெழுத்துப் போடாதீங்க ஆச்சி. கண்ணு தெரியலன்னு சொல்லுங்க."

பிள்ளைகளுக்கு 1098. பள்ளிக்கூடத்தில் பையன்கள் சேர்ந்து ஒருவனை வதைத்தாலோ, வாத்தியாரே தொல்லை கொடுத்தாலோ பள்ளிக் கல்வித் துறையின் 14417-லும் சொல்லலாம். வாட்ஸப்பில் வந்த அசிங்கத்தைப் பார்த்த வேகத்தில் அழிக்காமல் முதலில் படம் எடுத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டில் அலறல் கேட்கிறவர்களுக்கும் ஒன்று. பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது.

எல்லாவற்றிலும் இன்னொரு நகல் எடுத்து, வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். என் மேஜை டிராயரில் இப்போது நாலு கவர் கிடக்கின்றன. மேலே பேர் எழுதுவதில்லை, அவரவரே ஏதாவது அடையாளம் போட்டுக் கொடுப்பார்கள். ஒன்றில் கோலப்புள்ளி, ஒன்றில் மாங்காய். வந்து அடையாளத்தைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.