தலையிலயும் அடி, எலும்பும் முறிவுன்னா கூட இருக்கறவங்க கவனிக்க வேண்டியது

பைக் ஆக்சிடெண்ட்ல தலையிலயும் அடிபட்டு தொடை எலும்பும் முறிஞ்சு ஒருத்தர் ஐசியூல இருந்தா வீட்ல எல்லாரும் தலையைப் பத்தியே கேட்டுட்டு இருப்பாங்க, அது நியாயம்தான், ஆனா எலும்பையும் கேளுங்க, ஏன்னா மூளையில பலமா அடிபட்டா எலும்பு வளர்ற விதமே மாறலாம்.

பல பேருக்கு முறிஞ்ச இடத்தைச் சுத்தி புது எலும்பு வழக்கத்தைவிட சீக்கிரமா, பெருசா வளருது. தொடை எலும்பு முறிவுல இதைப் பார்த்து 1987லயே டாக்டர்கள் எழுதியிருக்காங்க. தலையில அடிபட்டவங்க ரத்தத்துல இருந்து சீரம்ங்கற தெளிஞ்ச நீரைப் பிரிச்சு எடுத்து லேப்ல எலும்பு செல்லுக்குக் குடுத்தா அது வேகமா பெருகுது. அதுக்காக எக்ஸ்ரேல எலும்பு கூடின மாதிரி தெரியுதுன்னு நீங்களா எழுப்பி நடக்க விட்டுடாதீங்க, எப்ப கால் ஊனலாம்னு எலும்பு டாக்டர்தான் சொல்லணும்.

பெரிய தொல்லை வேற ஒண்ணு இருக்கு. எலும்பே இருக்கக்கூடாத இடத்துல, மூட்டைச் சுத்தி சதைக்குள்ள எலும்பு வளர்ந்து மூட்டு அப்படியே இறுகிடும். ரொம்ப நாள் கோமா, வென்டிலேட்டர், கை கால் விறைப்புன்னு இருந்தவங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். முதல் ரெண்டு மூணு மாசம் தினமும் உடம்பு துடைச்சு விடும்போதே இடுப்பு, முட்டி, முழங்கை, தோள் நாலையும் தொட்டுப் பாருங்க. சூடா, வீங்கி, சிவந்து இருக்கா, நேத்து மடங்குன அளவு இன்னைக்கு மடங்குதான்னு பாத்து, வித்தியாசம் தெரிஞ்சா அன்னைக்கே சொல்லிடுங்க, ஏன்னா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சாலும், இன்ஃபெக்ஷன் வந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதைத் தள்ளிப்போட முடியாது. ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலாவே வரலாம், மூணு நாலு வாரம் கழிச்சுதான் தெரியும், அதனால வீக்கம் போகலைன்னா எலும்பு ஸ்கேன் (bone scan) எடுக்கலாமான்னு கேளுங்க.

இறுகின மூட்டை எண்ணெய் போட்டு பலவந்தமா நீவி மடக்கறது வேண்டவே வேண்டாம், பிசியோ சொல்ற அளவுக்கு மெதுவா அசைச்சா போதும். இப்படி சதைக்குள்ள எலும்பு வளராம இருக்க இண்டோமெதசின் மாதிரி வலி, வீக்க மாத்திரை சிலருக்குக் குடுப்பாங்க, ஆனா அது ரத்தக்கசிவைக் கூட்டலாம், தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சவருக்கு மெடிக்கல்ல நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க. ஃபிட்ஸுக்கு ஃபெனிடாயின் மாதிரி மாத்திரை மாசக்கணக்கா போனா வைட்டமின் டி குறையும், அந்த டெஸ்டையும் எடுக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, நினைவில்லாதவரால வலிக்குதுன்னு சொல்ல முடியாது. ஒரு கையையோ காலையோ அசைக்கும்போது மட்டும் முகம் சுளிச்சா அந்த இடத்துக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சான்னு கேளுங்க, உயிரைக் காப்பாத்துற அவசரத்துல விரல், மணிக்கட்டு, பாதத்துல இருக்கற சின்ன முறிவு விட்டுப்போறது நடக்கும்.