கான்ஸ்டன்டைனா, மகனா? ரோமானியக் காசின் எழுத்தைப் படிப்பதில் நேரும் தவறுகள்

ரோமானிய நாணயம் சேர்க்கத் தொடங்குபவர் கைக்குச் சீக்கிரமே வந்துசேர்வது ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் சின்னச் செப்புக்காசு. பின்பக்கம் இரண்டு வீரர்கள், நடுவில் படைக்கொடி, சுற்றிலும் ‘குளோரியா எக்செர்சிடஸ்’, அதாவது படையின் பெருமை. கி.பி. 330-இல் தொடங்கி ஏராளமாக அடித்தார்கள், அதனால் இன்றைக்கும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் எழுத்தை வைத்து வகை பிரிக்கும்போது புதியவர்கள் அதிகம் சறுக்குவதும் இதில்தான்.

முதல் தவறு, காசு வகைகளை அச்சிட்ட பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு காசைப் படிப்பது. அச்சில் பார்த்த எழுத்தைத் தேய்ந்த இடத்திலும் கண் தானாகவே நிரப்பிக்கொள்ளும். தெரிகிற எழுத்தை மட்டும் தாளில் எழுதுங்கள், தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள், அப்புறம் பட்டியலைப் பாருங்கள். இதில் கறாராக இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் கான்ஸ்டன்டைன், அதே பெயர் கொண்ட மகன், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டான்ஸ் என நாலு பேர் பெயரிலும் லத்தீனில் முதல் ஏழு எழுத்து ஒன்றேதான். எட்டாவது எழுத்து ‘எஸ்’ என்றால் கான்ஸ்டான்ஸ். ‘டி, ஐ’ வந்து அடுத்து ‘என்’ இருந்தால் கான்ஸ்டன்டைன், நேராக ‘வி’ வந்தால் கான்ஸ்டான்டியஸ். தேய்ந்த காசில் ‘என்’, ‘வி’ இரண்டுமே வெறும் இரண்டு கோடாகத்தான் தெரியும், அதனால் அங்கே நிற்காமல் முடிவுவரை படியுங்கள். ‘ஏவிஜி’ என்பது அகஸ்டஸ், அதாவது பேரரசர் பட்டம்; ‘மேக்ஸ் ஏவிஜி’ என்றால் பெரும்பாலும் அப்பா. ‘நோப் சி’ என்றால் இளவரசர் பட்டம், மகன்களில் ஒருவர். ஆனால் ‘ஏவிஜி’ என்று முடிந்தாலே அப்பா என்று எழுதிவிடாதீர்கள், 337 செப்டம்பரில் மகன்கள் மூவருமே அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது நாணயச்சாலைக் குறி, அதாவது காசு எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் எழுத்து. வீரர்களின் காலுக்கு அடியில் ‘கான்ஸ்ட்’ என்று பார்த்ததும் கான்ஸ்டான்டினோபிள் என்று முடிவுகட்டுகிறார்கள். பிரான்சின் ஆர்ல் நகரத்துக்கு அந்தக் காலத்தில் கான்ஸ்டான்டினா என்று பெயர் மாற்றியிருந்தார்கள், ‘பி-கான்ஸ்ட்’, ‘எஸ்-கான்ஸ்ட்’ எல்லாம் அந்த ஊர்க் காசு. அங்கே நாணயச்சாலையின் எந்தப் பட்டறையில் அடித்தது என்று காட்டும் எழுத்து முன்னால் வரும், கான்ஸ்டான்டினோபிளில் ‘கான்ஸ்’ என்பதற்குப் பின்னால் கிரேக்க எழுத்தாக வரும்.

முன்பக்கத்தில் அரசரின் தலை எந்த எழுத்துக்கும் எந்த எழுத்துக்கும் நடுவே புகுந்து பெயரைப் பிரிக்கிறது என்பதையும் குறித்துவையுங்கள். அதைச் சொல் இடைவெளி என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் சில பட்டியல்களில் அந்தப் பிரிவை வைத்துத்தான் தனி எண்ணே கொடுத்திருக்கும்.

குறுக்குக்கோடு இல்லாத ‘ஏ’, இரண்டு குச்சியாக நிற்கும் ‘என்’ இதெல்லாம் அபூர்வ வகை இல்லை, அச்சு வெட்டியவர் கைப்பழக்கம், அவ்வளவுதான். எழுத்து வாசிக்கவே முடியாமல் குழம்பிக் கிடந்தால் அந்தக் காலத்துப் போலியாக இருக்கலாம். கரூர், மதுரை, இலங்கை மண்ணிலும் பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன, அவற்றைப் பார்த்து இலங்கையில் அடித்த சின்னக் காசுகளில் எழுத்து வெறும் கீறலாகவே நிற்கும். போலி என்றதும் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் வரலாறுதான்.

படம் எடுக்கும்போது நேர் வெளிச்சம் வேண்டாம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, காசை மெல்லச் சுழற்றினால் ஒரு கோணத்தில் தெரியாத எழுத்து இன்னொன்றில் எழுந்து வரும். அப்போதே எழுத்தைச் சுற்றியுள்ள காசின் வெற்றுப் பரப்பையும் பாருங்கள். எழுத்து மட்டும் கூர்மையாக இருந்து, சுற்றுப்புறம் சுரண்டியதுபோல் பள்ளமாக இருந்தால் யாரோ பின்னாளில் செதுக்கியிருக்கிறார்கள், அந்த எழுத்தை நம்பி வகை சொல்லாதீர்கள்.